சியோலில் மொழிப் படிப்பு முடிகிறது: நண்பர்களிடம் எப்படி விடைபெறுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தங்கை சியோலில், சின்ச்சோன் பக்கம் உள்ள ஒரு பல்கலைக்கழக மொழி மையத்தில் ஒரு வருடமாகக் கொரியன் படிக்கிறார். ஆகஸ்டில் நாலாம் நிலை முடிகிறது, முடிந்ததும் திருச்சிக்குத் திரும்புகிறார். வகுப்பில் நெருக்கமானவர்கள் வியட்நாம், மங்கோலியா, உஸ்பெகிஸ்தான், ஜப்பான் என்று நாலு நாட்டுக்காரர்கள். இவர்களோடு ஒரு கொரியப் பையன், மொழிப் பரிமாற்றத்தில் பழக்கமானவன். எப்படி விடைபெறுவது, ஊருக்கு வந்தபின் இந்த நட்பு அறுந்துபோகாமல் இருக்குமா, கடைசி வாரங்களில் என்னென்ன வேலைகள் என்று கேட்டிருக்கிறார். கூடவே தயங்கித் தயங்கி இன்னொன்றும்: அழுகை வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டால் என்ன?

அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வேண்டாம். நம்ம ஊரில் ஒருவர் சொல்லாமல் போனால் அவர் அம்மாவோ பக்கத்து வீட்டுக்காரரோ காரணம் சொல்லிவிடுவார்கள். அங்கே உங்களைப் பற்றி விசாரிக்க யாரும் இல்லை. நாலாம் நிலைக் கொரியனை வைத்துக்கொண்டு உங்கள் மங்கோலியத் தோழி உங்கள் மௌனத்துக்கு அர்த்தம் தேடினால், 'நான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டேன் போல' என்றுதான் முடிவு செய்வாள். ஏற்கெனவே ஒவ்வொரு வாக்கியத்தையும் சரியாகச் சொன்னோமா என்று சந்தேகத்தோடு பேசிய ஆள் அவள். அழுதால் அழுதுவிட்டுப் போங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இனி மற்றவை. நான் அந்தப் படிப்பை முடித்துவிட்டு வந்து இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய உதிரிபாகத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். எனக்குப் பின்னால் போனவர்கள் பலரும் கிளம்பும் நேரத்தில் போன் செய்து இதையேதான் கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

உங்களுக்கும் அந்த நண்பர்களுக்கும் நடுவில் இருப்பது கொரிய மொழி ஒன்றுதான். கல்லூரி நண்பர்களோடு உங்களுக்கு ஊர், சாதி சனம், சினிமா, பழைய வாத்தியார் என்று ஆயிரம் பொதுவாக இருக்கும். பத்து வருடம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு கல்யாணத்தில் பார்த்தாலும் விட்ட இடத்திலிருந்து பேசலாம். உஸ்பெக் தோழியோடு அப்படி முடியாது. அவளுக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு உஸ்பெக்கோ ரஷ்யனோ தெரியாது, அவளுடைய ஆங்கிலம் எப்படியோ. உங்கள் கொரியன் துருப்பிடித்தால் அவளும் கூடவே தூரமாகிவிடுவாள். பிரிவைப் பற்றிய யோசனையில் பலருக்கும் இது கண்ணில் படுவதே இல்லை. விருந்து, பரிசு, போட்டோ என்று அவற்றிலேயே நின்றுவிடுகிறார்கள். ஊருக்கு வந்த ஆறாவது மாதம் நட்பைக் காப்பாற்றுவது நீங்கள் கொடுத்த பரிசா, அல்லது ஐந்து நிமிடம் தடையில்லாமல் கொரியனில் வம்பு பேச முடிகிறதா என்பதா? என் அனுபவத்தில் இரண்டாவதுதான்.

அந்த ஊர்ப் படிப்பின் அமைப்பையும் கொஞ்சம் கவனியுங்கள். யோன்செய் பல்கலைக்கழகத்தில் 1959-இல் கொரிய மொழி வகுப்பு தொடங்கியது. இன்று பல்கலைக்கழக மொழி மையங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கின்றன. ஒரு பருவம் 10 வாரம், வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 4 மணி நேரம், ஆக மொத்தம் 200 மணி நேரம். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று வருடத்துக்கு நாலு பருவம், மொத்தம் 6 நிலைகள். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் வகுப்பைக் கலைத்து மறுபடி பிரிப்பார்கள். கணக்குப் பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே மூன்று தடவை விடைகொடுத்துவிட்டீர்கள். முதல் நிலையில் பக்கத்தில் உட்கார்ந்த அந்த ஜப்பானியப் பாட்டி, இரண்டாம் நிலையோடு நின்றுபோன பிரெஞ்சுப் பையன், இவர்களெல்லாம் இப்போது எங்கே?

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வகுப்பில் உங்களுக்கு முன்பே வந்து, இடையில் ஒரு பருவம் விட்டு, திரும்பிச் சேர்ந்தவர்கள் இருப்பார்கள். வேறு மையத்திலிருந்து மாறி வந்தவர்களும் இருப்பார்கள். அவர்கள் உங்கள் விடைபெறுதலை அவ்வளவாகப் பெரிது படுத்த மாட்டார்கள். 'சரி, பத்திரமாகப் போ' என்று சொல்லிவிட்டுப் போன் பார்ப்பார்கள். மனம் நொந்துகொள்ளாதீர்கள். பத்து வாரத்துக்கு ஒரு முறை யாரையாவது வழியனுப்பி வழியனுப்பி அவர்களுக்குத் தோல் தடித்துவிட்டது. ஐந்தாம் நிலைக்கு மேல் புது நண்பர்களே வேண்டாம் என்று மதியம் ஒரு மணிக்கு வகுப்பு முடிந்ததும் நேராக ரூமுக்குப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை.

இன்னொரு விஷயம். நீங்கள் மட்டும்தான் கிளம்புகிறீர்கள், மற்றவர்கள் அங்கேயே சேர்ந்து இருக்கப் போகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். அப்படி இல்லை. உஸ்பெக் தோழி கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகையில் வந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் திட்டத்தில் முதல் ஒரு வருடம் மொழி, அதில் டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வில் மூன்றாம் நிலையாவது வாங்க வேண்டும், பிறகு செப்டம்பரில் பட்டப்படிப்பு. பெரும்பாலும் மொழி படித்த பல்கலைக்கழகம் ஒன்று, பட்டம் படிக்கும் பல்கலைக்கழகம் வேறொன்று. ஆகஸ்டில் அவரும் பெட்டி கட்டிக்கொண்டு டேஜோனுக்கோ பூசானுக்கோ போவார். வியட்நாம் நண்பர் மொழி படிப்பவர்களுக்கான டி-4 விசாவிலிருந்து பட்டப்படிப்புக்கான டி-2-வுக்கு மாறிக் கல்லூரியில் சேரும் அலைச்சலில் இருப்பார். 2024-இல் கொரியாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது. அதில் வியட்நாம்காரர்களும் சீனர்களும்தான் அதிகம், அங்கேயே தொடர்ந்து படிக்கிறவர்களும் அவர்களில் நிறையப் பேர். ஆக அந்த மாதம் எல்லோருக்குமே கலைகிற மாதம்தான். உங்களுக்காக அவர்கள் நேரம் ஒதுக்கவில்லை என்று தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பத்தாவது வாரத்தை நம்பாதீர்கள். அந்த வாரத்தில் இறுதித் தேர்வு வரும், பேச்சுத் தேர்வு தனியாக வரும், பிறகு மதிப்பெண், சான்றிதழ் விழா. விழா முடிந்த மதியமே விமானம் ஏறுகிறவர்கள் இருப்பார்கள். எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்க வேண்டுமென்றால் எட்டாவது வார இறுதியில் வையுங்கள். ஏழாவது வாரமே தேதி சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பாதிப் பேருக்குச் சனி, ஞாயிறுதான் பகுதிநேர வேலை. அதற்காக வகுப்புக்கு மட்டம் போட வேண்டாம். பெரும்பாலான மையங்களில் 80 சதவீத வருகை இல்லாமல் நிலை தேறாது, கடைசி நேரத்தில் அதில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் உண்டு.

விருந்து எங்கே? வழக்கப்படி எல்லோரும் சம்க்யொப்சல் கடைக்குத்தான் இழுப்பார்கள். பன்றி இறைச்சியை மேசையிலேயே சுட்டுச் சாப்பிடுவது, பக்கத்தில் சோஜு, அப்புறம் இரண்டாவது சுற்றுக்கு வேறொரு கடை, கடைசியில் நொரேபாங்கில் பாட்டு. கொரியர்கள் நடுவில் அது சரி. உங்கள் கூட்டத்தில் உஸ்பெக் தோழி பன்றி தொட மாட்டார், நீங்களே சைவமா அசைவமா என்று எழுதவில்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்து முட்டைகோஸும் சோறும் சாப்பிட்டுக்கொண்டு வழியனுப்பு விழா கொண்டாடிய தமிழ்ப் பிள்ளைகளை நான் அறிவேன். அந்த அவஸ்தை தேவையில்லை. தோங்தேமுன் வரலாறு பண்பாட்டுப் பூங்கா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், குவாங்ஹி-தோங் பகுதியில் ஒரு தெரு இருக்கிறது. உஸ்பெக் கடை, ரஷ்யப் பலசரக்கு, மங்கோலியச் சாப்பாடு எல்லாம் அங்கே கிடைக்கும். சம்சா, லக்மான், பெரிய வட்ட ரொட்டி. மங்கோலியர்கள் கூடும் ஒரு கட்டடமே அங்கே உண்டு. அங்கே போனால் உங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் தங்கள் வீட்டுச் சாப்பாட்டை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் இடத்தில் இருப்பார்கள். ஒரு வருடமாகக் கொரியர்களின் விருந்தாளியாகவே இருந்தவர்கள் முதல் தடவையாக வீட்டுக்காரராக மாறுவதைப் பார்க்கலாம். ஹலால் மட்டும்தான் பிரச்சினை என்றால் இட்டேவொன் இருக்கிறது. 1976-இல் திறந்த பெரிய மசூதி அங்கேதான், சுற்றிலும் ஹலால் கடைகளும் நம்ம மசாலா கிடைக்கும் கடைகளும். செலவு குறைய வேண்டுமென்றால் ஹான் ஆற்றங்கரைப் பூங்காதான். பாய் விரித்து, கடையில் வாங்கிய ராம்யோன் நூடுல்ஸை அங்கிருக்கும் இயந்திரத்திலேயே வேகவைத்துச் சாப்பிடலாம். ஆகஸ்ட் புழுக்கத்துக்குச் சூரியன் இறங்கிய பிறகு போங்கள்.

நீங்கள் சமைத்துப் போடலாமா என்றால், தங்கியிருப்பது கோஷிவோன், அதாவது சின்னச் சின்ன ஒற்றை அறைகள் உள்ள விடுதி என்றால் மறந்துவிடுங்கள். அந்தப் பொதுச் சமையலறையில் கடுகு தாளித்தால் மாடி முழுக்கத் தும்மல்.

அன்றைக்கு இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, ஒரு பெரிய அட்டையைச் சுற்றுக்கு விட்டு எல்லோரையும் எழுத வையுங்கள். கொரியப் பள்ளிகளில் இதை 'ரோலிங் பேப்பர்' என்பார்கள், எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். கொரியனில் எழுதட்டும், ஆனால் கீழே ஒரு வரியைத் தங்கள் சொந்த மொழியிலும் எழுதச் சொல்லுங்கள். புரியாவிட்டால் என்ன. ஒரு வருடம் தடுமாறித் தடுமாறிப் பேசிய பெண்ணின் கையெழுத்து அவள் மொழியில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அப்போதுதான் பார்ப்பீர்கள். இரண்டாவது, தெருவுக்குத் தெரு இருக்கும் நாலு கட்டப் போட்டோக் கடை. அங்கே அச்சாகி வரும் படத்தில் இருக்கும் க்யூஆர் குறியை அன்றைக்கே தட்டிப் படத்தை இறக்கிக்கொள்ளுங்கள். அது சில நாட்களில் செத்துவிடும்.

டீச்சர்களைப் பற்றி. நம்ம ஊர்ப் பழக்கத்தில் ஒரு பட்டுத் துணியோ வெள்ளிச் சிமிழோ கொடுக்கத் தோன்றும். அங்கே அது சிக்கல். 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி கிம் யங்-ரான் முன்மொழிந்ததால் அவர் பெயராலேயே அதைச் சொல்வார்கள். மதிப்பெண் போடும் ஆசிரியருக்கு மாணவர் ஒரு காபி வாங்கிக் கொடுப்பதே கூடாது என்கிற அளவுக்குப் பள்ளி, கல்லூரிகளில் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். மொழி மைய ஆசிரியர்களும் பலர் கைநீட்ட மாட்டார்கள், நீங்கள் வற்புறுத்தினால் அவர்களுக்குத்தான் சங்கடம். கடிதம் எழுதுங்கள். கையால், கொரியனில், மரியாதை நடையில், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். 'உங்களால்தான் எல்லாம்' என்று எழுதாமல், அவர் எதையாவது சொல்லிக்கொடுத்த ஒரு குறிப்பிட்ட நாளை எழுதுங்கள். எழுதியதை வேறு யாரிடமும் கொடுத்துத் திருத்தாதீர்கள். உங்கள் பிழைகள் எவையென்று அவருக்குத் தெரியும், அவற்றோடு படித்தால்தான் அது உங்கள் கடிதம். பிறகு அவரிடமிருந்து அடிக்கடி பதில் எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் அவருக்குப் புது வகுப்பு வந்துவிடும். வருடம் ஒரு முறை, மே 15, அங்கே ஆசிரியர் தினம், மன்னர் செஜோங் பிறந்த நாள். அன்றைக்கு இரண்டு வரி அனுப்பினால் போதும். அந்த இரண்டு வரிக்குக் கட்டாயம் பதில் வரும்.

அந்தக் கொரியப் பையன் விஷயம் கொஞ்சம் வேறு. அவனுக்கு இன்னும் ராணுவச் சேவை முடியவில்லை என்றால் எப்போது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தரைப்படையில் 18 மாதம். தொடக்கப் பயிற்சி வாரங்களில் அவனைப் பிடிப்பதே கஷ்டம். அதன் பிறகு பரவாயில்லை, 2020 ஜூலையிலிருந்து வேலை நேரம் முடிந்தபின் சிப்பாய்கள் போன் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அவன் திடீரென்று ஒரு மாதம் பதில் போடாமல் இருந்தால் நீங்கள் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். நட்புக்கு மேல் ஏதாவது இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இருந்தால், விமான நிலையத்தில் வைத்துச் சொல்லாதீர்கள். பதில் சொல்ல அவனுக்கும் கொஞ்சம் நாள் வேண்டும்.

இப்போது போன். இதைப் பொறுமையாகப் படியுங்கள், நண்பர்கள் தொலைவது பெரும்பாலும் இங்கேதான். கொரியாவில் உங்கள் வாழ்க்கை முழுவதும் ககாவோடாக் என்ற அரட்டைச் செயலியில் இருக்கிறது, அது உங்கள் கொரிய எண்ணோடு ஒட்டியிருக்கிறது. எண்ணை ரத்து செய்தால் கொஞ்ச காலத்தில் அது வேறு யாருக்கோ போய்விடும். ஆகவே எண் உயிரோடு இருக்கும்போதே ககாவோ கணக்கில் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் பதிந்து, ஒரு முறை வெளியே வந்து அவற்றை வைத்து உள்ளே நுழைய முடிகிறதா என்று சரிபாருங்கள். இந்திய எண் கைக்கு வந்ததும் செயலியின் அமைப்பில் எண்ணை மாற்றிக்கொள்ளலாம், புதுக் கணக்கு தொடங்கவே கூடாது. ஊரில் புதுப் போன் வாங்குவதாக இருந்தால் பழைய போனைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன் உரையாடல்களை நகல் எடுத்துப் புதியதில் ஏற்றிவிடுங்கள். இலவச நகலில் எழுத்துகள் மட்டும்தான் வரும், படங்கள் வராது. அதுமட்டுமில்லை, அந்தச் செயலியில் வந்த படங்களைச் சில காலம் திறக்காமல் விட்டால் காலாவதி ஆகிவிடும், பிறகு தட்டினால் சாம்பல் நிறப் பெட்டிதான். ஒரு வருடப் படங்களையும் கிளம்புவதற்கு முன் ஒரு ராத்திரி உட்கார்ந்து இறக்கிவிடுங்கள். முக்கியமானவர்களோடு இன்னொரு வழியிலும் தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். வியட்நாம்காரர்கள் சாலோவிலும் பேஸ்புக்கிலும் இருப்பார்கள், உஸ்பெக்குகள் டெலிகிராமில், ஜப்பானியர்கள் லைனில். ஊருக்குப் போனதும் எல்லோரும் தங்கள் பழைய செயலிக்குத் திரும்பிவிடுவார்கள், ககாவோடாக்கைத் திறப்பதே குறைந்துவிடும்.

போன் எண்ணை ரத்து செய்வது கடைசி வேலையாக இருக்கட்டும். அந்த ஊரில் வங்கி, பழைய பொருள் விற்கும் தாங்கன் செயலி, காப்பீடு எதுவானாலும் நீங்கள்தான் என்று உறுதிசெய்ய அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி வரும். அறைக்குக் கட்டிய முன்பணம் திரும்ப வரும் வரை வங்கிக் கணக்கையும் மூடாதீர்கள். மருத்துவக் காப்பீடு மாதா மாதம் முன்கூட்டியே கட்டுவது, கிளம்பும் தேதியைச் சொன்னால் கூடுதலாகக் கட்டியது கணக்குக்கு வரும். பஸ், ரயிலுக்கான டி-மணி அட்டையில் மீதிக் காசு இருந்தால் தெருமுனைக் கடையில் 500 வொன் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள், அல்லது அட்டையோடு நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள். பெரிய சாமான்களைத் தெருவில் வைத்துவிட்டு வர முடியாது, வட்ட அலுவலகத்தில் பணம் கட்டி ஒட்டுச்சீட்டு வாங்க வேண்டும். குளிர்காலக் கோட்டு, ரைஸ் குக்கர், மெத்தை இதெல்லாம் செப்டம்பரில் வரப்போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் யாருக்காவது. திருச்சியில் அந்தக் கோட்டை என்ன செய்வீர்கள்.

விமான நிலையத்துக்கு யாராவது வருகிறேன் என்றால் வரச் சொல்லுங்கள். ஹொங்கிக் பல்கலைக்கழக நிலையத்திலிருந்து ரயில் நேராகப் போகிறது, சின்ச்சோனுக்கு அடுத்த நிலையம்தான். இன்சொன் விமான நிலையத்தில் 2018-லிருந்து இரண்டு முனையங்கள், ரயிலில் அடுத்தடுத்த நிறுத்தம். உங்களுடையது எது என்று எழுதியே அனுப்புங்கள். கிம்ச்சியைக் கைப்பையில் வைக்காதீர்கள், அதைத் திரவக் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள், கோச்சுஜாங் மிளகாய் விழுதுக்கும் அதே கதி. திரும்பி வராமல் நிரந்தரமாகக் கிளம்புகிறீர்கள் என்றால் வெளிநாட்டவர் பதிவு அட்டையைக் குடிவரவு அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். தானியங்கி வாசலில் நுழைந்துவிட்டால் அட்டை கையிலேயே தங்கிவிடும், ஆள் இருக்கும் மேசைக்குப் போங்கள்.

சரி, ஊருக்கு வந்தாயிற்று. முதல் மாதம் குழுவில் ஒரு நாளைக்கு நூறு செய்தி வரும். பிறகு குறையும். மூன்றாவது மாதம் யாராவது பிறந்தநாள் வாழ்த்துப் போட்டால் உண்டு. இதைப் பார்த்துப் பயந்து குழுவை உயிர்ப்பிக்க முயன்று வணக்கம், காலைப் படம் என்று போட ஆரம்பிக்காதீர்கள். குழு அப்படித்தான் அடங்கும். ஐந்து பேரோடும் ஒரே அளவு நட்பு தொடரவும் தொடராது. இரண்டு பேர் நிலைத்தால் பெரிய விஷயம், யார் அந்த இருவர் என்று இப்போதே உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். அவர்களோடு தனித்தனியாகப் பேசுங்கள். எழுத்தைவிடக் குரல் செய்தி நல்லது. எழுதும்போது நாம் நாவர் நிறுவனத்தின் பாபாகோ மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு மொழிபெயர்த்து அனுப்பிவிடுகிறோம், தகவல் போய்ச் சேரும், ஆனால் அந்தப் பெண்ணோடு நீங்கள் பேசிய பாணி அதில் இருக்காது. நீங்கள் இருவரும் சேர்ந்து தப்பாகவே சொல்லிப் பழகிய வார்த்தைகளைப் பாபாகோ திருத்திவிடும்.

சேர்ந்து பேசுவதென்றால் நேரம் பெரிய தடை இல்லை. சியோலில் இரவு ஒன்பதரை என்றால் நமக்கு மாலை ஆறு, தாஷ்கண்டில் ஐந்தரை, ஹனோயில் ஏழரை, உலான்பாத்தரில் எட்டரை. ஜப்பானும் கொரியாவும் ஒரே நேரம். அமெரிக்காவுக்குப் போன அத்தை பையனோடு பேசுவதைவிட இது சுலபம்.

மொழியை எப்படி விடாமல் வைத்திருப்பது என்பதற்கு ஒரு யோசனை. டோபிக் சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும். நாலாம் நிலை முடித்தவர் ஐந்துக்குப் படிக்கலாம். அந்த இருவரில் ஒருத்தியையாவது அவரவர் ஊரில் அதே தேர்வுக்குப் பதியச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை பேச அது ஒரு சாக்கு, வெறுமனே 'எப்படி இருக்கிறாய், நல்லா இருக்கிறேன்' என்று தொடங்கினால் நாலு நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும். தேர்வுப் பாடம் என்று ஆரம்பித்தால் அரைமணி நேரம் எங்கெங்கோ போகும். சென்னையில் இன்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்தில் கொரிய வகுப்பு நடக்கிறது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த பிறகு அதைச் சுற்றி வந்த நிறுவனங்களில் கொரியன் தெரிந்தவர்களுக்கு வேலையும் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன், தொழிற்சாலைக் கொரியன் வேறு. அங்கே பேசுவது வார்ப்பு அச்சு, குறைபாட்டு விகிதம், அனுப்பும் தேதி. நாள் முழுக்கக் கொரியன் பேசிவிட்டு வந்தும் தோழியிடம் மனதில் இருப்பதைச் சொல்ல வார்த்தை வராமல் நிற்கலாம். அவளோடு பேசும் கொரியனை அவளோடு பேசித்தான் வைத்துக்கொள்ள முடியும்.

நேரில் பார்க்க ஆசை என்றால் கொரியாவையே குறிவைக்காதீர்கள். நமக்கு விசா வாங்குவது கொஞ்சம் பாடு. வியட்நாமுக்கு இணையத்திலேயே விசா கிடைக்கிறது, உஸ்பெகிஸ்தானுக்கும் அப்படித்தான். இரண்டு வருடம் கழித்து எல்லோரும் ஹனோயில் கூடலாம் என்று பேசி வைத்தால் அது நடக்கக்கூடிய பேச்சு.

எந்த நாளில் கூப்பிடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். சம்பிரதாயமாகப் பிறந்தநாளில் கூப்பிடுவதைவிட அவரவர் தனியாக இருக்கும் நாளில் கூப்பிடுங்கள். உஸ்பெக் தோழிக்கு மார்ச் 21 நவ்ரூஸ் பண்டிகை, வியட்நாம்காரருக்கு டெட் புத்தாண்டு, மங்கோலியத் தோழிக்கு வெள்ளை மாதப் புத்தாண்டு. அவர்கள் வீட்டில் இருந்தால் அந்த நாட்களில் கூட்டத்தில் இருப்பார்கள், வாழ்த்து மட்டும் போதும். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டிருந்தால் கட்டாயம் கூப்பிட வேண்டும். கொரியாவிலேயே தங்கிவிட்டவர்களுக்கு முதலில் வருவது சுசோக், அறுவடைப் பண்டிகை, செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ. கொரியர்கள் எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், விடுதி காலியாக இருக்கும், பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகூட மூடியிருக்கும். நீங்களும் கிளம்பிவிட்ட பிறகு அவர்கள் அங்கே கழிக்கும் முதல் நீண்ட விடுமுறை அதுதான். இந்த வருடம் எந்தத் தேதி என்று நாள்காட்டியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், முதல் அழைப்பை அன்றைக்கு வையுங்கள்.